கூட்டாளியின் படை எங்கே நிற்கிறது?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'கூட்டணியும் ராஜதந்திரமும்' என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. முன்வரிசையில் இரண்டு மூன்று கரைவேட்டிகள் தெரிகின்றன. தொகுதிப் பங்கீடு பற்றி ஏதாவது உள்செய்தி கிடைக்கும் என்று வந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் பேசப்போவது ஒரு விளையாட்டைப் பற்றி. எழுந்து போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம். காபி இன்னும் வரவில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடையது சதுரங்கம் தெரிந்த ஊர். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் நம் பையன் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். சதுரங்கத்தில் யாரும் யாரையும் நம்பவேண்டிய அவசியமே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் எதிரி, விஷயம் தீர்ந்தது. பலகையில் உள்ளதெல்லாம் இருவர் கண்ணுக்கும் தெரியும். அதே மேஜையில் மூன்றாவதாக ஒருவருக்கு நாற்காலி போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாமவர் காலி. அந்த இரண்டு பேர் யார் யார்? இந்தக் கேள்வி எழுந்த மாத்திரத்தில் காய் நகர்த்தும் திறமை பின்னுக்குப் போய்விடும், பேச்சு முன்னுக்கு வந்துவிடும். அப்படி ஏழு பேருக்கு நாற்காலி போட்ட ஆட்டம்தான் டிப்ளமசி.

இதை உருவாக்கியவர் ஆலன் கால்ஹமர் என்ற அமெரிக்கர். ஹார்வர்டில் படித்தவர். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாறும், முதல் உலகப் போர் எப்படி மூண்டது என்று சிட்னி ஃபே எழுதிய நூலும் அவரைப் பிடித்து ஆட்டின. 1954-ல் ஆட்டத்துக்கு ஓர் உருவம் கொடுத்தார். வெளியிட ஆள் கிடைக்காமல், 1959-ல் சொந்தமாக 500 பெட்டிகள் தயாரித்து விற்றார். பிற்காலத்தில் சிகாகோ பக்கம் ஒரு சிற்றூரில் தபால்காரராக வேலை பார்த்தார். 2013-ல் காலமானார். 1960-களில் இந்த ஆட்டத்தைத் தபாலிலேயே ஆடுகிற ஒரு கூட்டம் கிளம்பியது. ஒரு சுற்றுக்கே வாரக்கணக்கில் ஆகும், கடிதங்களில்தான் பேச்சுவார்த்தை. மனிதர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றத் தபால்தலைக்கு இவ்வளவு செலவழித்தது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

விதிகள் சுருக்கமானவை. ஆண்டு 1901. ஐரோப்பா வரைபடம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என்று ஏழு வல்லரசுகள், ஒரு நாட்டுக்கு ஓர் ஆட்டக்காரர். வரைபடத்தில் 34 மையங்கள் குறிக்கப்பட்டிருக்கும். உங்களிடம் எத்தனை மையமோ அத்தனை படை வைத்துக்கொள்ளலாம். 18 மையம் பிடித்தால் வெற்றி. நாடுகளைப் பிரித்துக்கொண்ட பிறகு பகடை கிடையாது, சீட்டுக் குலுக்கல் கிடையாது. வசந்தம், இலையுதிர்காலம் என்று ஆண்டுக்கு இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச்சு. எழுந்து மாடிப்படி, சமையலறை, பால்கனி என்று இரண்டு இரண்டு பேராக ஒதுங்கிக் கிசுகிசுப்பார்கள். பிறகு எல்லோரும் தத்தம் உத்தரவுகளைச் சீட்டில் ரகசியமாக எழுதிக் கொடுப்பார்கள். எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் பிரித்து, எல்லாப் படைகளையும் ஒரே நேரத்தில் நகர்த்துவார்கள். பேச்சில் கொடுத்த வாக்கு எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. இதை விதிப்புத்தகமே சொல்கிறது.

ஆட்டத்தின் உயிர் இன்னொரு விதியில் இருக்கிறது. எல்லாப் படைகளுக்கும் பலம் ஒன்றுதான். ஒரு படை இன்னொரு படை மேல் மோதினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னேற வேண்டுமானால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு படை 'ஆதரவு' என்று எழுதித் தரவேண்டும். அந்த ஆதரவு உங்கள் சொந்தப் படையிடமிருந்தும் வரலாம், அடுத்த நாட்டுக்காரர் படையிடமிருந்தும் வரலாம். தொடக்கத்தில் ரஷ்யாவுக்கு நாலு படை, மற்றவர்களுக்கு மும்மூன்று. இதை வைத்துத் தனியாக எதையும் சாதிக்க முடியாது. ஆக, யாரையும் நம்பாதவன் இந்த ஆட்டத்தில் நகரவே மாட்டான். எல்லோரையும் நம்புகிறவன் 1903 வரை தாங்கமாட்டான்.

ஒருவரை நம்பலாமா என்று கேட்டால் நாம் அவருடைய குணத்தைப் பார்ப்போம். நல்ல குடும்பமா, சொன்ன சொல் தவறாதவரா என்று விசாரிப்போம். வள்ளுவரும் நட்பாராய்தலுக்கு ஓர் அதிகாரம், தீ நட்புக்கு ஓர் அதிகாரம், கூடாநட்புக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். டிப்ளமசி ஆடிப் பழகியவர்கள் கேட்பது வேறு கேள்வி. அவன் படை எங்கே நிற்கிறது? அங்கிருந்து என்னைக் குத்த அவனுக்கு எத்தனை சுற்று ஆகும்? மூன்று சுற்று ஆகும் என்றால் அவன் நல்லவன். ஒரே சுற்றில் முடியும் என்றால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்தக் கூட்டணிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைய பேச்சில் நான் சொல்லவந்தது இவ்வளவுதான். இது கேட்க எளிது, மேஜையில் உட்கார்ந்து பார்த்தால்தான் உறைக்கும். ஒரு சுற்றை மெதுவாக ஆடிப் பார்த்துவிடலாம்.

நீங்கள் ஆஸ்திரியா. உங்களிடம் மூன்று மையம்: வியன்னா, புடாபெஸ்ட், கடற்கரையில் திரியெஸ்தே. திரியெஸ்தேயை ஒட்டினாற்போல் இத்தாலியின் வெனிஸ். இந்த வரைபடத்தில் இரண்டு வல்லரசுகளின் தாய்மண் மையங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் இது ஒன்றுதான். மற்ற எல்லோருக்கும் நடுவில் ஒரு கடலோ ஒரு காலிப் பிரதேசமோ இருக்கிறது. உங்களுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஒன்றுமில்லை. முதல் நாளிலிருந்தே ஒரே சுற்றுத் தூரம்.

இத்தாலிக்காரர் உங்களைப் பால்கனிக்குக் கூப்பிடுகிறார். "இரண்டு பேரும் சேர்ந்து துருக்கியை முடிப்போம். நான் கடல் வழியாக வருகிறேன், நீங்கள் பால்கன் வழியாக இறங்குங்கள்." இந்தத் திட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் லெபாண்டோ. அதிலேயே துணிச்சலான ஒரு வகை உண்டு. இத்தாலியின் வெனிஸ் படை முதல் சுற்றிலேயே திரியெஸ்தேக்குள் நுழையும், உங்கள் சம்மதத்தோடு. பார்க்கிறவர்கள் "ஐயையோ, ஆஸ்திரியாவைக் குத்திவிட்டான்" என்று நினைப்பார்கள். துருக்கி அசந்திருக்கும். அடுத்த சுற்றில் அந்தப் படை திரியெஸ்தேயைக் காலி செய்துவிட்டு செர்பியாவுக்குள் போய்விடும். துருக்கியின் வாசலில் இத்தாலியப் படை ஒன்று முதல் ஆண்டிலேயே போய் உட்கார்ந்துவிடும்.

சம்மதிக்கிறீர்கள். வசந்தச் சுற்று. திரியெஸ்தேயிலிருந்து உங்கள் கப்பற்படை அல்பேனியாவுக்கு இறங்குகிறது. புடாபெஸ்ட் படை செர்பியாவுக்குப் போகிறது. வியன்னாப் படை ரஷ்யாவைத் தடுக்கக் கலீசியாப் பக்கம் புறப்படுகிறது. காலியான திரியெஸ்தேக்குள் இத்தாலி நுழைகிறது. எல்லாம் பேசியபடி.

இலையுதிர்காலச் சுற்று. இதில்தான் உயிர் இருக்கிறது. ஏனென்றால் மையங்களை எண்ணுவது இந்தச் சுற்றின் முடிவில்தான். அந்த நேரத்தில் யார் படை எங்கே நிற்கிறதோ அந்த மையம் அவருக்கு, காலியாக உள்ளது பழைய சொந்தக்காரருக்கே. உங்கள் செர்பியப் படை, அல்பேனியக் கப்பலின் ஆதரவோடு கிரீஸுக்குள் போகவேண்டும். காலியாகும் செர்பியாவுக்குள் இத்தாலியின் திரியெஸ்தேப் படை போகவேண்டும். சீட்டுகள் பிரிக்கப்படுகின்றன. இத்தாலியின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் கண் தேடுகிறது. 'திரியெஸ்தேயிலிருந்து செர்பியாவுக்கு.' மூச்சு விடுகிறீர்கள். மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

அப்புறம் துருக்கியின் சீட்டு. 'பல்கேரியாவிலிருந்து செர்பியாவுக்கு.'

துருக்கிக்காரருக்கு உங்கள் ரகசியம் தெரியாது. காலி இடம் கிடைக்குமா என்று ஒரு கல் எறிந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு படைகளும் செர்பியாவில் மோதுகின்றன, ஆதரவு இரண்டு பக்கமும் இல்லை, இரண்டும் கிளம்பிய இடத்துக்கே திரும்புகின்றன. இத்தாலிக்குக் கிளம்பிய இடம் எது? திரியெஸ்தே. இப்போது மையங்களை எண்ணுங்கள். உங்களுக்கு வியன்னா, புடாபெஸ்ட், புதிதாகக் கிரீஸ்: மூன்று. செர்பியா யாருக்கும் இல்லை. இத்தாலிக்கு ரோம், வெனிஸ், நேப்பிள்ஸ், ஆப்பிரிக்கக் கரையில் பிடித்த துனிஸ், கூடவே உங்கள் திரியெஸ்தே: ஐந்து. அவர் இரண்டு புதுப் படை கட்டிக்கொள்ளலாம். நீங்கள் ஒன்றும் கட்ட முடியாது.

யாரும் துரோகம் செய்யவில்லை. சீட்டு மேஜை மேல் சாட்சியாகக் கிடக்கிறது. ஆனாலும் உங்கள் துறைமுகத்தில் அடுத்தவர் படை நிற்கிறது. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் அவர் விலகவேண்டும், அடுத்த இலையுதிர்காலத்தில் உங்கள் படை ஒன்று அங்கே நிற்கவேண்டும். முழுதாக ஓர் ஆண்டுக் கடன். நேற்று வரை சமமாக இருந்த இரண்டு பேரில் ஒருவர் கடன்காரர், ஒருவர் கடன் கொடுத்தவர். இத்தாலிக்காரர் நிஜமாகவே வருத்தப்படுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். வருத்தப்பட்டுக்கொண்டே அவர் மனசு ஒரு கணக்குப் போடும்: "இவ்வளவு தூரம் வந்தாயிற்று. வியன்னா ஓர் அடிதான்."

இந்த இடத்தில் புதிதாக ஆடுகிறவர்கள் இத்தாலிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சத்தியம் வாங்குவார்கள். பழகியவர்கள் அவர் வாயைப் பார்க்கமாட்டார்கள், எண்ணி முடித்துப் படை கட்டும் குளிர்காலத்தில் அவர் எங்கே என்ன கட்டுகிறார் என்று பார்ப்பார்கள். நேப்பிள்ஸிலும் ரோமிலும் கப்பல் கட்டினால் அவர் கிழக்கே துருக்கிக்குத்தான் போகிறார். அந்தக் கப்பல்கள் வியன்னா மலைமேல் ஏறமுடியாது. வெனிஸில் தரைப்படை கட்டினால், பாவம், நீங்கள் அவரோடு பேசி முடித்தது போதும், உடனே ரஷ்யாவிடம் போய்ப் பேச ஆரம்பியுங்கள்.

இது பொம்மை வரைபடத்தில் மட்டும் நடக்கிற கதையா என்று கேட்கலாம். 1901-ல் நிஜமான இத்தாலியும் நிஜமான ஆஸ்திரியாவும் கூட்டாளிகள்தான். ஜெர்மனியோடு சேர்ந்து 1882-ல் முக்கூட்டு ஒப்பந்தம் போட்டவர்கள். திரியெஸ்தே ஆஸ்திரியாவிடம் இருந்தது. அங்கே பெரும்பான்மையோர் பேசியது இத்தாலியம், இத்தாலியில் ஒரு சாராருக்கு அந்த ஊர் மேல் தீராத கண். பால்கன் பகுதியில் யாராவது கைவைப்பதென்றால் முதலில் கலந்து பேசவேண்டும், கிடைப்பதில் ஈடு தரவேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். 1914 ஜூலையில் ஆஸ்திரியா, இத்தாலியிடம் கலந்துகொள்ளாமலே செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது. "நீ தாக்கினாய், இது தற்காப்பு ஒப்பந்தம், எனக்கு வேலையில்லை" என்று இத்தாலி நடுநிலை வகித்தது. 1915 ஏப்ரல் 26-ல் லண்டனில் எதிரணியோடு ரகசிய ஒப்பந்தம். அதில் இத்தாலிக்கு வாக்களிக்கப்பட்ட ஊர்களில் திரியெஸ்தேயும் ஒன்று. மே 23-ல் ஆஸ்திரியா மேல் போர் அறிவிப்பு. முப்பத்து மூன்று ஆண்டுக் கூட்டு, அதில் கடைசி ஒன்பது மாதம் வெறும் பேரம்.

லெபாண்டோ என்ற பெயருக்கும் ஒரு பின்கதை உண்டு. 1571 அக்டோபர் 7-ல் ஸ்பெயின், வெனிஸ், போப்பாண்டவர் முதலியோர் சேர்ந்து துருக்கியின் கடற்படையை லெபாண்டோவில் முறியடித்தார்கள். ஐரோப்பா முழுக்கக் கோயில் மணி அடித்துக் கொண்டாடியது. 1573-ல் வெனிஸ் யாரையும் கேட்காமல் துருக்கியோடு தனியே சமாதானம் செய்துகொண்டு சைப்ரஸையும் விட்டுக்கொடுத்துவிட்டது. வெனிஸ் பிழைத்தது வணிகத்தால், வணிகம் நடந்தது துருக்கியின் துறைமுகங்கள் வழியாக. ஸ்பெயினுக்கு அந்தக் கவலை இல்லை. தோற்ற கூட்டணி உடைவதில் ஆச்சரியமில்லை, வென்ற கூட்டணி இரண்டே வருஷத்தில் உடைந்ததுதான் இதில் பாடம். எதிரி இளைக்க இளைக்கக் கூட்டாளியின் சதை கண்ணை உறுத்தும். டிப்ளமசியில் இது கணக்காகவே தெரியும். 34 மையத்தை இரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு 17. வெற்றிக்குத் தேவை 18. கடைசி ஒரு மையம் கூட்டாளியிடமிருந்துதான் வந்தாகவேண்டும்.

அப்படியானால் கூட்டணியே பொய் என்று சொல்லிவிடலாமா? அது பழகாதவர்களின் வேதாந்தம். நல்ல ஆட்டக்காரர்கள் கூட்டணியைப் பத்துச் சுற்றுக்கும் மேல் காப்பாற்றுகிறார்கள். எப்படி? ஆட்ட வரைபடத்தில் கருங்கடலைப் பாருங்கள். அதன் ஒரு கரையில் ரஷ்யாவின் செவஸ்தபோல், மறுகரையில் துருக்கியின் அங்காரா. இரண்டு இடத்திலும் ஆளுக்கொரு கப்பல். கருங்கடலுக்குள் யார் கப்பல் நுழைந்தாலும் மற்றவருக்குத் தொண்டையில் முள். "நான் நுழையமாட்டேன், நீயும் நுழையாதே" என்று பேசிக்கொள்ளலாம், ஆனால் அது வெறும் வாக்கு. கெட்டிக்காரர்கள் வேறொன்று செய்வார்கள். இரண்டு பேரும் ஒரே சுற்றில் கருங்கடலுக்குள் நுழையும்படி உத்தரவு எழுதுவார்கள். சம பலம், மோதல், இரண்டு கப்பலும் திரும்பிவந்து நிற்கும். யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவர்கள் எதிரிகள் போலத் தெரியும். உள்ளே இரண்டு பேரும் நிம்மதியாக இருப்பார்கள். பேசிவைத்துக்கொண்டு மோதித் தோற்பது! ஒருவரை ஒருவர் நம்பவேண்டிய அளவைக் குறைத்துக்கொள்வதுதான் கூட்டணியைக் காப்பாற்றும் வழி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம்பிக்கையைப் பெருக்கு, மனம் விட்டுப் பேசு என்கிற உபதேசமெல்லாம் அப்புறம்.

பேச்சுக்கு மதிப்பில்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சிலும் தடயம் உண்டு. 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், இணையத்தில் ஆடிய டிப்ளமசி ஆட்டங்களில் கூட்டாளிகள் பரிமாறிக்கொண்ட செய்திகளை எடுத்து ஆராய்ந்தார்கள். துரோகத்துக்குச் சற்று முன்னால் என்ன மாறுகிறது? குத்தப்போகிறவர் சிடுசிடுப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு. அவர் பேச்சில் திடீரென்று உற்சாகம் கூடுகிறது. குத்துப்படப்போகிறவரோ "அடுத்து இதைச் செய்வோம், அப்புறம் அதைச் செய்வோம்" என்று திட்டமாகப் போட்டுத் தள்ளுகிறார், மற்றவரிடமிருந்து அந்த அளவுக்குத் திட்டம் வருவதில்லை. ஒருவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க, மற்றவர் "பிரமாதம், அருமை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் வரைபடத்தை ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது. கல்யாணத் தரகர்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும்.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் சிசரோ என்ற, டிப்ளமசி ஆடும் கணினி நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. அது இணையத்தில் 40 ஆட்டங்களில் மனிதர்களோடு மனிதரைப் போலவே அரட்டை அடித்து ஆடியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது. 'பெரும்பாலும் நேர்மையாக' ஆடும்படி பழக்கினோம் என்றார்கள் அதைச் செய்தவர்கள். அந்த ஆட்டங்களின் பதிவுகளைப் பிறகு துருவிய வேறு ஆய்வாளர்கள், பிரான்ஸாக ஆடிய சிசரோ ஜெர்மனியோடு சேர்ந்து இங்கிலாந்துக்குப் பொய் வாக்குக் கொடுத்ததை எடுத்துக் காட்டினார்கள். எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது பொய் அல்ல. அந்த நிரலின் பலமே அது தன் திட்டத்துக்குப் பொருந்துகிற உதவியைத்தான் கேட்டது, பொருந்துகிற உதவியைத்தான் கொடுத்தது என்பதுதான். பெரும்பாலான மனித ஆட்டக்காரர்கள் முடியாததையும் "ஆகட்டும் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கூட்டணிகளைக் கெடுப்பதில் அந்த 'ஆகட்டும்' துரோகத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை.

இதுவரை சொன்னது ஒரு நாட்டுக்கு ஒரு மூளை என்ற ஆட்டம். ஒரு நாட்டுக்குப் பத்தாயிரம் மூளை என்றால்? அதுவும் இருக்கிறது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003-ல் தொடங்கிய ஈவ் ஆன்லைன். ஒரே விண்வெளி, ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள், ஏறக்குறைய எல்லோரும் ஒரே உலகத்தில். ஆட்டக்காரர்கள் குழுவாகச் சேர்கிறார்கள், குழுக்கள் கூட்டணியாகின்றன, கூட்டணிகள் பெருங்கூட்டணியாகின்றன. நண்பர் கப்பல் திரையில் நீலமாகத் தெரியும், எதிரி சிவப்பாக. 'நீலம்' என்றாலே அங்கே கூட்டாளி. இந்தக் குழுக்களில் தூதர் என்று தனிப் பொறுப்பே உண்டு. அவருடைய அன்றாட வேலை பெரிய ஒப்பந்தங்கள் அல்ல. நம்ம பையன் ஒருவன் தெரிந்தோ தெரியாமலோ நீலக் கப்பல் ஒன்றைச் சுட்டிருப்பான். அந்தப் பக்கத்துத் தூதரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, கப்பலுக்கு நஷ்டஈடு கொடுத்து, விஷயம் பெரிதாகாமல் அமுக்கவேண்டும்.

அப்படிப்பட்ட தூதர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 2012 செப்டம்பர் 11-ல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரகப் பணியிடம் தாக்கப்பட்டபோது, தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸோடு ஷான் ஸ்மித் என்ற தகவல் தொடர்பு அதிகாரியும் கொல்லப்பட்டார். ஈவ் ஆன்லைனில் 'வைல் ராட்' என்ற பெயரில் கூன்ஸ்வார்ம் அணியின் தூதராக இருந்தவர் அவர். செய்தி பரவியதும் ஆட்டக்காரர்கள் தங்கள் விண்வெளி நிலையங்களுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவரோடு பகையாக இருந்த அணிகளும் வைத்தன.

இந்தப் பெரிய அணிகளில் கத்தி நிற்கும் தூரம் வரைபடத்தில் தெரியாது. அது சாவிக்கொத்தில் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் அன்றைய மிகப் பெரிய வல்லரசான பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியில் இயக்குநர் அதிகாரம் பெற்ற ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்மோடு சேர்ந்துகொண்டார். உறுப்புக் குழுக்களை வெளியே தள்ளிக் கூட்டணியையே கலைத்துவிட்டார். மண்டலங்களின் ஆட்சியுரிமை கூட்டணியின் பெயரில் இருந்தது. பெயர் போனது, ஆட்சியுரிமையும் கூடவே போனது. எதிரி ஒரு குண்டும் போடவில்லை. 2016 போரில், கூன்ஸ்வார்ம் தலைமையிலான பெருங்கூட்டணி ஒரு பெரிய மோதலில் தோற்ற கையோடு சர்க்கிள் ஆஃப் டூ என்ற அணி கழன்றுகொண்டது. 2017 செப்டம்பரில் அந்த சர்க்கிள் ஆஃப் டூவின் தூதரே, தலைவரோடு இருந்த மனக்கசப்பில், அணியின் பெருங்கோட்டையைக் கூன்ஸ்வார்மிடம் ஒப்படைத்துவிட்டார். யாரிடம் பேசித் தீர்க்கத் தூதரை அனுப்பினார்களோ அவர்களோடு அவர் நன்றாகவே பேசிப் பழகிவிட்டார். வீட்டுக்குள் அவரோடு யாரும் பேசவில்லை.

விபத்தும் உண்டு. 2014 ஜனவரியில் ஒரு மண்டலத்துக்குக் கட்டவேண்டிய ஆட்சியுரிமைக் கட்டணம் கட்டப்படாமல் போய்விட்டது. எதிரணி நுழைந்தது. இரண்டு பக்கமும் கூட்டாளிகளைக் கூப்பிட்டார்கள், நீலம் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. சுமார் 21 மணி நேரச் சண்டையில் டைட்டன் எனப்படும் ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. நிஜப் பணத்தில் சுமார் மூன்று லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டார்கள். மின்கட்டணம் கட்ட மறந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனை நம் வாரியம்கூடக் கொடுத்ததில்லை.

இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்தால் என் அபிப்பிராயம் இது. ஏழு பேர் ஆட்டத்தில் கூட்டணி நலிவதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அதனால் சரிசெய்யவும் முடியும். பெரிய அணிகளில் தலைமைக்கு எதிரணியின் ஒவ்வொரு கப்பலும் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. தன் சொந்தச் சாவிகள் யாரிடம் இருக்கின்றன, அவர்களுக்கு என்ன மனக்குறை என்று தெரிவதில்லை. ஒற்றர்களுக்குச் செய்கிற செலவில் பாதியை உள்ளூரில் உட்கார்ந்து பேசச் செலவிட்டிருந்தால் அந்தக் கோட்டை மிஞ்சியிருக்கலாம். கரைவேட்டி நண்பர்கள் தலையாட்டுகிறார்கள். நான் எந்தக் கட்சியையும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆட்டமில்லை இது, ஆடித்தான் பார்க்கவேண்டும். ஏழு பேர் வேண்டும், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், நடுவில் மதியச் சாப்பாடும் வேண்டும், ஏனென்றால் பாதி ஒப்பந்தம் அங்கேதான் நடக்கும். மேஜையோரம் ஒரு தாள் வைத்திருக்கிறேன், விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் அடுத்தடுத்த நாடுகளை எடுக்கவேண்டாம். சீட்டுக் குலுக்கி உங்களுக்கு ஆஸ்திரியா விழுந்தால் முணுமுணுக்காதீர்கள். நேராக எழுந்து இத்தாலிக்காரரிடம் போங்கள், வெனிஸ் படையை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.